இரண்டு அங்குலத் தண்ணீர்

தென்னேரி மாதிரியான ஏரிக்கரை ஊர்களில் பாத்ரூம் நாற்றத்துக்கு இரண்டு பருவம் உண்டு. சித்திரை வைகாசியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. முதலாவது, இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இல்லாமல் போவதால் வருவது. இரண்டாவது, இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் ஏறிக்கொள்வதால் வருவது. காரணங்கள் நேரெதிர். ஆனாலும் இரண்டுக்கும் நம் கை தேடுவது ஒரே பினாயில் பாட்டிலைத்தான். இரண்டு நாள் பினாயில் வாடை அடிக்கும், மூன்றாம் நாள் பழைய கதை.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. குளியல் கொல்லைப்புறத்தில் நடந்தது. கீற்றுத் தட்டி மறைப்பு, துவைக்கிற கல், பக்கத்தில் ஒரு தொட்டி. குளித்த தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடி வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் போய்ச் சேரும். அந்த வேர்களைச் சுற்றிக் காற்றுப் புகுந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சோப்பையும் அழுக்கையும் சிதைத்துவிடும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நடக்கிற சிதைவில் அழுகிய முட்டை வாடை எழுவதில்லை.

பிறகு மெத்தை வீடு வந்தது, வீட்டோடு ஒட்டிய பாத்ரூமும் வந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத கிராமம் என்பதால் கொல்லையிலோ போர்டிகோவுக்கு அடியிலோ ஒரு செப்டிக் டேங்க் கட்டப்பட்டது. இருட்டில் ஒதுக்குப்புறம் தேடிப் போன பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கையறைக்குப் பத்தடி தள்ளி, செப்டிக் டேங்கோடு நேரடித் தொடர்புள்ள துளை ஒன்றும் தரையில் வந்துவிட்டது. டேங்கில் ஊறும் வாயுவுக்கும் நம் மூக்குக்கும் நடுவில் காவலாக நிற்பது இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும்தான். அந்தத் தண்ணீர் எப்படி நிற்கிறது, எப்படிக் காணாமல் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாத்ரூம் நாற்றத்தின் முக்கால்வாசி புரிந்துவிடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் தென்னேரியும் ஒன்று. எவ்வளவு மழை பெய்தாலும் ஏரியில் நீர் கலங்கல் மட்டத்துக்குத்தான் நிற்கும். மிகுதி வழிந்து போகும். மழை நின்ற பிறகும் கலங்கல் வரை உள்ள நீர் அங்கேயே தங்கும். பாத்ரூம் தரையில் ஜாலிக்குக் கீழே பிளம்பர் பதிக்கிற நானி டிராப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. குழாய் கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறி, ஒரு விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது. அந்த விளிம்புதான் கலங்கல். நீங்கள் ஊற்றும் தண்ணீர் பழைய தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். கடைசியாக வந்த தண்ணீர் வளைவில் தங்கும். தங்கிய நீர் இரண்டு பக்கக் காற்றையும் பிரித்து வைக்கும். இந்த நீர்த்தடுப்பு குறைந்தது 50 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்பது கட்டட விதி.

இந்த வளைவுக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். ஸ்காட்லாந்துக்காரர். லண்டனில் கடிகாரம் செய்து வாழ்ந்தவர். 1775இல் கழிப்பறைக் குழாயை ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைத்தார். அதற்கு முன்பு கழிப்பறை வைத்திருந்த பணக்கார வீடுகளில் மலக்குழியின் வாடை நேராக அறைக்குள் ஏறிவந்தது. விசையில்லை, ஸ்பிரிங் இல்லை, தேய்ந்துபோக எதுவும் இல்லை, தண்ணீரின் எடைதான் வேலை செய்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளில் இதைவிட மேலான ஒன்று வரவில்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இனி சித்திரைக்கு வருவோம். கோடையில் திறந்த ஏரியிலிருந்து நாளொன்றுக்குப் பல மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. வெயிலும் காற்றும் குறைந்த பாத்ரூமுக்குள் அந்த வேகம் இருக்காது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 1 மி.மீ. குறைந்தால் 50 நாளில் தடுப்பு உடையும். 2 மி.மீ. குறைந்தால் 25 நாளே போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அதற்கும் முன்பே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளை நம்பி வாடகைக்கு விட்ட அறைகளில் பல, ஆள் மாறும்போது மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் மாடி பாத்ரூமை யாரும் தொடுவதில்லை. புழங்காத பாத்ரூம்தான் அதிகம் நாறும். அழுக்கே சேராத அறை ஏன் நாறுகிறது என்று திகைக்க வேண்டியதில்லை. தண்ணீர் வற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டிய இரட்டைக் குழிக் கழிப்பறைகளில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே மலம் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக அந்தப் பீங்கானைச் சரிவு அதிகமாகவும் நீர்த்தடுப்பு 20 மி.மீ. மட்டுமே இருக்கும்படியும் வடிவமைத்தார்கள். தண்ணீர் தலையில் சுமந்து வரும் ஊர்களுக்கு அது மிகச் சரியான முடிவு. ஆனால் 20 மி.மீ. சீக்கிரம் வற்றும். இத்தகைய பீங்கான் பதித்த பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை முடிந்து கதவைத் திறக்கும் முதல் நாள் அடிக்கும் வாடைக்கு இந்தக் கணக்கே போதும். முந்தின நாள் யாராவது பீங்கானுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றிவைத்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்காது.

நீண்ட நாள் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடலாம். எண்ணெய் மிதந்து ஆவியாதலைத் தடுக்கும். ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இதைச் செய்ய முடியுமா என்று 1950களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி மேன்ஸ்ஃபீல்டு மெழுகு போன்ற ஒரு ஆல்கஹாலைத் தூவிப் பார்த்தார். படலம் வேலை செய்தது. ஆனால் காற்று அடித்தால் அது கரையோரம் ஒதுங்கிவிடும் என்பதுதான் சிக்கல். டிராப்புக்குள் காற்றடிப்பதில்லை. ஆகவே பெரிய நீர்த்தேக்கத்தில் திணறிய முறை இங்கே ஒழுங்காகப் பலிக்கிறது.

ஆவியாதல் தவிர இன்னொரு திருடனும் உண்டு: தலைமுடி. விளிம்பின்மேல் ஒரு முடிக் கற்றையோ துணி நூலோ தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அது வளைவிலிருந்து நீரை உறிஞ்சி மறுபக்கம் சொட்டவிடும். தினமும் குளிக்கிற பாத்ரூமில் இது தெரியாது. இரண்டு நாள் விட்டால் தெரியும்.

ஆனால் நான் பார்த்த வீடுகளில் அடிக்கடி நடப்பது திருட்டே அல்ல. நாமே காவலை வெளியேற்றிவிடுவதுதான். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் பிளம்பரிடம் அலுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, நானும் மாசம் ரெண்டு பாட்டில் பினாயில் ஊத்துறேன். பாட்டில்தான் காலியாவுது, வாடை போவல."

பிளம்பர் ஜாலியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். அடியில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம், அதில் சுருண்ட முடி, ஒட்டிக்கொண்ட ஷாம்பூ பாக்கெட்டின் கிழிந்த முனை. செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார். கருப்பாக ஆழம் தெரிந்ததே தவிர, வெளிச்சம் திரும்பி மின்னவில்லை.

"அம்மா, இதுல ஒரு கப்பு இருந்திருக்கணுமே, எங்க?"

"அதுவா, அது இருந்தா தண்ணி மெதுவாப் போவுதுன்னு பையன் கழட்டிப் போட்டுட்டான். மாடியில எங்கயோ கிடக்கும்."

"அதாம்மா உங்க வாடை."

தரையடியில் வளைவு பதிக்க இடமில்லாத இடங்களில், ஜாலிக்குக் கீழே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் விளிம்பு நீரில் முங்கியிருக்கும்படி அமைப்பார்கள். அந்தக் கிண்ணம் போனால் தடுப்பு முழுவதும் போனது. முடி அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் தேங்குகிறது, ஆகவே கழற்றி எறிகிறோம். தேங்கினால் சுத்தம் செய்ய வேண்டிய பொருள் அது, தூக்கி எறிய வேண்டிய பொருள் இல்லை. டார்ச் அடித்துப் பார்க்கும் அந்த ஒரு சோதனையை எல்லோரும் செய்யலாம். வெளிச்சம் மின்னினால் தண்ணீர் இருக்கிறது. பாத்ரூம் டிராப்பிலிருந்து கரப்பான் ஏறி வருகிறதென்றாலும் தடுப்பில் ஏதோ குறை என்று கொள்ளலாம். வீட்டுக்குள்ளே மட்டும், ஒரு ஊதுவத்தியை ஏற்றி ஜாலிக்குப் பக்கத்தில் பிடித்தும் பார்க்கலாம். புகை மேலே தள்ளப்பட்டால் உள்ளிருந்து காற்று வருகிறது. செப்டிக் டேங்கின் மூடியருகே இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே மீத்தேன் இருக்கும், தீப்பிடிக்கும்.

வற்றிய டிராப் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்தது. 2003 மார்ச்சில் ஹாங்காங்கில் சார்ஸ் பரவியபோது, அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், 42 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் 'இ' என்ற ஒரே கட்டடத்தில், அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சில வீட்டு வரிசைகளில் குவிந்திருந்தார்கள். நோய்வாய்ப்பட்ட ஒருவர் வயிற்றுப்போக்கோடு அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு வந்து தங்கிப் போயிருந்தார். விசாரணை போய் நின்ற இடங்களில் ஒன்று பாத்ரூம் தரை டிராப். பலரும் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைப்பான் போட்டுத் துடைத்ததால் டிராப்புகள் வற்றியிருந்தன. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அது கழிவுக் குழாயின் காற்றையும், அதில் மிதந்த நுண்துளிகளையும் பாத்ரூமுக்குள் இழுத்தது. பிறகு அங்கே வாஷ்பேசின் தண்ணீர் தரை டிராப்பின் வழியாகவே போகும்படியான அமைப்புகளைப் புகுத்தினார்கள். முகம் கழுவும் ஒவ்வொரு முறையும் டிராப் தானே நிரம்பிக்கொள்ளும். நம் கடைகளில் கிடைக்கும் மல்டி ஃப்ளோர் டிராப்பிலும் இதற்கென்றே பக்கவாட்டில் துளைகள் உண்டு. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பிளம்பரிடம் இந்த ஒன்றைக் கேட்டு வாங்கினால், பின்னாளில் வரும் தொல்லையில் பாதி இல்லை.

தண்ணீர் இருக்கிறது, கப்பும் இருக்கிறது, ஆனாலும் நாறுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வாடை டேங்கிலிருந்து வரவில்லை. டிராப்பின் இந்தப் பக்கத்திலேயே, ஜாலிக்கடியில் கண்ட அந்தச் சாம்பல் படலத்திலேயே பிறக்கிறது.

காஞ்சிபுரம் கிராமங்களில் பல வீடுகளில் போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகப் படியும். அதன்மேல் தோல் துகளும் எண்ணெயும் முடியும் ஒட்ட, பாக்டீரியாக்கள் பசை சுரந்து குடியேறுகின்றன. இந்த நுண்ணுயிர்ப் படலத்தின் மேற்பரப்பில் வாழ்பவை ஆக்சிஜனை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே வேறு வகை உயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. நாம் ஆக்சிஜனை இழுத்து நீரை உண்டாக்குகிறோம். அவை சல்ஃபேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை. நிலத்தடி நீரில் இருக்கிறது, துணி சோப்புத் தூளில் எடை கூட்டச் சேர்க்கும் பொருளே சோடியம் சல்ஃபேட்தான். வாஷிங் மெஷின் தண்ணீரை பாத்ரூம் டிராப்பில் விடுகிற வீடுகளில் இந்தப் பாக்டீரியாக்களுக்குத் தினமும் விருந்து. கசடு கருப்பாக இருப்பதற்கும் இதே காரணம். நீரில் உள்ள இரும்போடு சல்ஃபைடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு, அது கருப்பு.

இந்தப் படலத்தில் முட்டையிட்டு வளர்கிற ஒரு பூச்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பாத்ரூம் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மயிரடர்ந்த சிறகுகளை விரித்தால் இதய வடிவம் தெரியும், தட்டினால் சாம்பலாக ஒட்டும். கொசு என்று பலர் மருந்தடிக்கிறார்கள். அது கடிக்காது. அதன் புழுக்கள் ஜாலிக்குக் கீழே அந்தக் கொழகொழப்பைத் தின்று வளர்கின்றன. சுவரில் பத்துப் பூச்சி தெரிந்தால் டிராப்பைத் தேய்க்க நாள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேய்க்க வேண்டும் என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். பினாயில் வாடைக்கு மேல் வாடை போடுகிறது, படலத்தின் மேற்புறத்தைக் கொஞ்சம் கொல்கிறது, பசைக்கு அடியில் போவதில்லை. சோடா உப்பும் வினிகரும் கலந்தால் பார்க்க நன்றாகப் பொங்கும். ஆனால் பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்புக் கரைசல், அதற்கு அழுக்கை அறுக்கும் திறன் அதிகமில்லை. பழைய டூத் பிரஷ்ஷோ பாட்டில் கழுவும் பிரஷ்ஷோ எடுத்து, ஜாலியின் அடிப்புறம், கப், டிராப்பின் சுவர் எல்லாவற்றையும் சோப்புத் தூளும் கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரும் விட்டுத் தேய்த்தால் படலம் உரியும். கொதிக்கிற நீர் வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகும். முடியைக் கையுறை போட்டு வாரிக் குப்பையில் போடுங்கள். உள்ளே தள்ளிவிடாதீர்கள். அந்துருண்டை போடும் வழக்கத்தையும் நான் விரும்புவதில்லை. நாப்தலீன் ஆவி, ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைக்கக் கூடியது.

ஆசிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு நீரில் கரைந்திருக்கும்போது இரண்டு உருவில் இருக்கும். ஒன்று வாயுவாக வெளியேறக் கூடியது, மற்றொன்று மின்னேற்றம் பெற்று நீரிலேயே கட்டுப்பட்டுக் கிடப்பது. நடுநிலையான நீரில், அதாவது பி.எச். 7இல், ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காரம் கூடிப் பி.எச். 9 ஆனால் நூற்றில் ஒரு பங்கு அளவே வெளியேறக் கூடிய உருவில் மிஞ்சும். தெருச் சாக்கடையோரம் சுண்ணாம்பு தூவினால் வாடை அடங்குகிறதே, அதன் வேதியியல் இதுதான். ஆசிட் ஊற்றினால் நேரெதிர் நடக்கும். கட்டுப்பட்டுக் கிடந்த சல்ஃபைடு அத்தனையும் ஒரே நேரத்தில் வாயுவாகக் கிளம்பும். ஆசிட் விட்ட உடனே முட்டை நாற்றம் குப்பென்று அடித்தால், அழுக்கு சாகிறது என்று மகிழாமல் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். அதே ஆசிட்டை பிளீச்சிங் பவுடரின்மேல் விட்டால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். சின்ன பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, முட்டி போட்டுக் குனிந்து தேய்க்கிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ வேலைக்கு வரும் பெண்ணோதான். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா பளிச்சுன்னு ஆவும்" என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதிருக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கதை மாறுகிறது. ஏரி நிரம்ப நிரம்ப, சுற்றியுள்ள நிலத்தடி நீரும் ஏறுகிறது. கிணற்றில் கைக்கெட்டும் உயரத்துக்குத் தண்ணீர் வரும். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை உறிஞ்ச வேண்டிய குழியோ உறைகளோ ஏற்கெனவே ஊறிக் கிடக்கும், உறிஞ்ச மாட்டா. டேங்கில் நீர்மட்டம் ஏறும், மேலே வாயுவுக்கு இருந்த இடம் சுருங்கும். மேலே நீங்கள் பத்து லிட்டர் வாளியைக் கவிழ்க்கிறீர்கள். டேங்குக்குள் பத்து லிட்டர் நீர் புகுந்து மட்டம் ஏறினால், அங்கிருந்த பத்து லிட்டர் வாயு எங்காவது போயாக வேண்டும். அதற்குத்தான் வென்ட் பைப். அது இல்லாவிட்டால், அல்லது அடைத்திருந்தால், வாயு இருப்பதிலேயே பலவீனமான கதவைத் தள்ளும். 50 மி.மீ. நீர் ஏறத்தாழ 500 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். காற்றுமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்கு. மிகச் சின்னக் காவல் அது. வாயு அதைத் துளைத்து வரும்போது டிராப்பில் 'குளுக் குளுக்' என்று கேட்கும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும்போது தரை டிராப் சத்தம் போட்டால் வென்ட் வேலை செய்யவில்லை என்றே எண்ணலாம்.

வென்ட் இல்லாத குழாயில் எதிர்த்திசை விபத்தும் நடக்கும். வாஷிங் மெஷின் தன் அழுக்கு நீரை மோட்டார் வேகத்தில் தள்ளும்போது, குழாயை நிறைத்துக்கொண்டு போகும் நீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். இழுக்கக் காற்றில்லையென்றால் பக்கத்து டிராப்பில் நின்ற நீரை இழுத்துக்கொண்டு போய்விடும். துணி துவைத்த மத்தியானம் மட்டும் நாறுகிற பாத்ரூம்களின் ரகசியம் இது.

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470, டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் வென்ட் பைப் வீட்டு உச்சியைத் தாண்டி 2 மீட்டர் உயர வேண்டும் என்கிறது. கிராமத்து மனைகளில் 15 மீட்டர் இடம் விட்டு டேங்க் கட்டுவது அரிது. ஆகவே ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பைப் மாடியைத் தாண்ட வேண்டும். நடைமுறையில் ஆள் உயரத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் ஜன்னலுக்குப் பக்கத்தில். கொசு வருகிறதென்று சிலர் வாயில் துணியை அடைக்கிறார்கள். கொசுக் கவலை நியாயமானது. யானைக்கால் நோயால் பல தலைமுறை அவதிப்பட்ட மாவட்டம் இது. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில் செழித்து வளரும். துணிக்குப் பதில் கொசுவலையைக் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டடை தட்டினால் காற்றும் போகும், கொசுவும் அடைபடும். இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு மட்டும் வென்ட் தேவையில்லை. அங்கே வாயு, குழிச் சுவரின் துளைகள் வழியாக மண்ணுக்குள்ளேயே ஊடுருவிவிடும்.

டேங்குக்குள் சேரும் அந்த வாயுவைப் பற்றி ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடை நம் மூக்கு மிக நுட்பமாக அறியும். காற்றில் நூறு கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலே தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குக் கூடினால் மோப்ப நரம்பு மரத்துப்போகும், வாடையே தெரியாது. பத்து லட்சத்தில் 1000 பங்கு இருந்தால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அது பூட்டிவிடுகிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். மேலே நின்று மோந்து பார்த்து "ஒண்ணும் வாடை இல்ல, எறங்கலாம்" என்று சொல்வதைவிட ஆபத்தான வாக்கியம் வேறில்லை.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் 6 பேர் இறந்தார்கள். ஒருவர் விழ, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்க, அவரைத் தூக்க இன்னொருவர் என்று சாவு தொடரும் விதம் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. உறவுப் பாசத்தில் இறங்குகிறவரின் நுரையீரலுக்கும் அதே வேதியியல்தான். மனிதரைக் குழிக்குள் இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் 'ஆள் கூப்பிட்டு எறக்கிடலாம்' என்ற பேச்சு நம் வீடுகளில் இயல்பாக எழுகிறது. இறக்கப்படுகிறவர் எந்தச் சாதி என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அது இயல்பாகிறது.

மூடியும் நம்ப முடியாத பொருள். டேங்கின் மேற்கூரையில் படியும் ஈரத்தில் வேறொரு பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை கந்தக அமிலமாக மாற்றுகிறது. மெல்போர்ன் நகரச் சாக்கடைகள் அரித்துப்போனதை ஆராய்ந்த பார்க்கர் 1945இல் இதைக் கண்டு சொன்னார். அமிலம் சிமென்ட்டைக் கீழிருந்து தின்னும், மேலிருந்து பார்த்தால் பலகை நன்றாகவே இருக்கும். பழைய டேங்கின் மேல் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தால் உடனே தடுத்துவிடுங்கள்.

டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வரவழைத்து உறிஞ்சியெடுக்க வேண்டும். கசடு ஏறிய டேங்கில் நீர் தங்க இடம் குறையும், அரைகுறையாகச் செரித்த கழிவு உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும், மழைக்காலத்துக் குளுக் சத்தம் அதிகமாகும். உறிஞ்சிய கசடு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். ஏரி வரத்துக் கால்வாயில் இரவில் திறந்துவிட்டுப் போகும் லாரிகள் உண்டு. நம் வீட்டு நாற்றத்தை ஊர்க் குடிநீரில் கரைப்பதற்குக் கட்டணம் கொடுத்ததாக அது ஆகிவிடும். மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் இந்தக் கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் முன்னோடியானது அது. மணல் படுகையில் பரப்பி, நீரை வடித்து, கசடை வெயிலில் காயவைக்கும் எளிய முறை. உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால், அங்கே கொண்டுபோய் விடும் லாரியையே கூப்பிடுங்கள்.

லாரி வந்த நாளில் பாதி நேரம் மூடியைத் தேடுவதிலேயே போகும். டேங்கின்மேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் தொட்டிச் செடி வைத்து, எங்கே இருந்தது என்றே மறந்துபோன வீடுகள் ஏராளம். கடப்பாரையால் போர்டிகோவை உடைத்துத் தேடுவார்கள். டைல்ஸ் போடும்போதே மூடியின் இடத்தை வேறு நிறத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள். பக்கத்துச் சுவரில், கடைசியாக எடுத்த மாதத்தையும் ஆண்டையும் பெயின்ட்டில் எழுதிவையுங்கள்.